பாதுகாக்கப்பட்ட பழைய டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேவையிலிருந்து கழித்த பிறகும் யாராவது பராமரித்து ஓட வைக்கும் பழைய நகரப் பேருந்துகளைப் பற்றித்தான் கேட்கிறேன். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சத்தம், குலுக்கல், சீட்டின் வாசனை, இதையெல்லாம் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

லண்டன் ரூட்மாஸ்டர், அந்த ஊரின் பழைய சிவப்பு மாடி பஸ். 2005 டிசம்பர் 9 அன்று 159-ஆம் தடத்தோடு அதன் அன்றாடச் சேவை முடிந்தது. ஆனால் 9, 15 என்ற இரண்டு தடங்களில் மட்டும் பாரம்பரியச் சேவை என்று சில வண்டிகளை விட்டுவைத்தார்கள். நான் ஏறியது 15-இல், டவர் ஹில்லிலிருந்து டிரஃபால்கர் சதுக்கம் வரை. பின்பக்கம் கதவே கிடையாது. திறந்த மேடை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பம், அவ்வளவுதான். ஃப்ளீட் தெருவில் சிக்னலுக்கு வண்டி நின்றபோது ஒருவர் ஓடிவந்து தொற்றிக்கொண்டார். கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மணி. டிரைவர் முன்னால் தனி அறைக்குள், எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருப்பார். பயணிகளோடு பேச அவருக்கு வழியே இல்லை. கீழ்த்தளக் கூரையோரமாகப் போகும் கயிற்றைக் கண்டக்டர் இழுப்பார்: ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு, மூன்று என்றால் வண்டி நிறைந்துவிட்டது, ஸ்டாப்பில் நிற்காதே. இருவருக்கும் நடுவே பேச்சு மொத்தமும் இதுதான். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஒரே குறை: அந்த வண்டிகளுக்குப் புது எஞ்சின் மாற்றியிருந்தார்கள். உடம்பு பழசு, குரல் புதுசு. 2019-க்குப் பிறகு அந்த 15-உம் ஓடவில்லை.

*

பழைய குரல் கேட்க வேண்டுமென்றால் இம்பர் போயிருக்க வேண்டும் நீங்கள்!

தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளியில் இருக்கும் ஊர் இம்பர். ராணுவப் பயிற்சிக்காக 1943-இல் ஊரையே காலி செய்தார்கள். போனவர்கள் திரும்பவே இல்லை. அந்தச் சாலை வருடத்தில் சில நாள்தான் பொதுமக்களுக்குத் திறக்கும். 2009-இலிருந்து கோடையில் ஒருநாள் வார்மின்ஸ்டரிலிருந்து அங்கே பழைய ரூட்மாஸ்டர்கள் ஓடுகின்றன. தட எண் 23ஏ. விளையாட்டுக்கு ஓட்டுவதில்லை, முறைப்படி பதிவு செய்த பேருந்துச் சேவை. அட்டவணை உண்டு, டிக்கெட் உண்டு, வசூலில் மிஞ்சுவது நற்பணிக்குப் போகிறது. ஒரு வீடுகூடக் கண்ணில் படாத புல்வெளியில் ஸ்டாப் பலகை நட்டு வைத்திருப்பார்கள். நியூசிலாந்து ஃபார்ம் கேம்ப் என்று ஒரு ஸ்டாப். வண்டி அங்கே நிற்கிறது, நாலு பேர் இறங்குகிறார்கள், அவ்வளவு சீரியஸாக!

மேல்தளத்தில் முதல் வரிசையில் இடம் கிடைத்தது. மேட்டில் ஏறும்போது ஏஇசி கம்பெனியின் எஞ்சின் முக்கி முனகி, கியர் மாறும் நேரத்தில் ஒரு மூச்சு விட்டு, மறுபடி இழுக்கும். 9.6 லிட்டர் எஞ்சின் அது. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்கும். நம் முழங்கால் வரைக்கும் அந்த அதிர்வு வரும்.

இந்த வண்டிகள் இத்தனை எப்படி மிஞ்சின என்று யோசித்ததுண்டா? 1968 வரை கட்டியவை மொத்தம் 2,876. அலுமினிய உடல், துரு கிடையாது. தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லை. முன்னும் பின்னும் உள்ள துணைச்சட்டங்களைக் கழற்றி மாட்டலாம். லண்டன் பஸ்களுக்கான ஆல்டன்ஹாம் பட்டறைக்குப் பெரிய பழுதுபார்ப்புக்கு வந்தால் உடலை ஒரு பக்கம், சட்டங்களை ஒரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். முதலில் தயாரானதை முதலில் பூட்டி, ஏதோ ஒரு எண் பலகையை மாட்டி வெளியே விடுவார்கள். ஆகவே இன்று ஒருவர் ஆசையாக வைத்திருக்கும் வண்டியில் ‘அசல்’ எது என்று கேட்டால் சண்டைதான் வரும். நான் கேட்டுப் பார்த்தேன், வந்தது.

*

அண்ணா, அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கட்டிய நியூ லுக் பஸ், 1959-இல் வந்தது. முன்கண்ணாடி முழுக்க வளைந்து உப்பியிருப்பதால் ஃபிஷ்பவுல் (மீன் வளர்க்கும் கண்ணாடிக் கிண்ணம்) என்றே எல்லோரும் சொல்வார்கள். நியூயார்க் டிரான்சிட் மியூசியம் பழைய வண்டிகளைக் கூட்டி வைத்து நடத்தும் பஸ் விழாவில் முதலில் பார்த்தேன். பிறகு ஒரு டிசம்பரில் 42-ஆம் தெருவில் எம்42 தடத்திலேயே பழைய வண்டி ஓடியது. நான் சும்மா ஸ்டாப்பில் நின்றிருந்தேன், அது வந்தது!

டெட்ராய்ட் டீசல், டூ ஸ்ட்ரோக். நின்று கிளம்பும்போது எழும் அந்த ஊளையைக் கேட்டால் தெரு திரும்பிப் பார்க்கும். உள்ளே ஏர் சஸ்பென்ஷன், தொட்டில் மாதிரி ஆட்டம். பக்கத்தில் இருந்த பாட்டி பராக்குப் பார்க்கவே இல்லை. கயிற்றை இழுத்து, தன் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். மியூசியத்தில் அதே வண்டியைச் சுற்றிவந்து படமெடுத்ததைவிட இதுதான் எனக்குப் பெரிசு. பஸ் என்றால் யாரையாவது எங்கேயாவது கொண்டுபோய் விட வேண்டும்.

*

எல்லோரும் உருகுகிறீர்கள். என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். அந்த 15-இல் அவரை ஏற்ற முடியாது. பின்னால் வந்த தாழ்தள 15-இல்தான் போனோம். அதே தடத்தில் சாதாரண வண்டியும் ஓடியதால் பிழைத்தோம். பழசை ஓட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் திறந்த மேடை சுதந்திரம் என்று எழுதும்போது, அது யாருக்கு என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

*

அக்கா சொன்னது நியாயம். அதனால்தான் ஓடாத ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் 2857 என்ற எண்ணுள்ள பஸ். 1948-இல் ஜிஎம் கட்டியது. 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மாண்ட்கோமரியில் கருப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தது இதில்தான். சேவை முடிந்த பின் பல வருடம் ஒரு வயல்வெளியில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கும் இடமாகக் கிடந்தது. 2001-இல் ஏலத்தில் எடுத்துப் பழையபடி ஆக்கினார்கள். உள்ளே ஏறி உட்கார விடுகிறார்கள். எதிர்பார்த்ததைவிட ரொம்பச் சின்ன வண்டி. முன்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே சில அடிதான். அந்தச் சில அடிக்கா இத்தனை சட்டம், இத்தனை போலீஸ் என்று உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பஸ் ஓடினால்தான் பஸ் என்பதை இந்த ஒன்றுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

*

சரி, இந்த ஒன்றுக்கு விலக்கு கொடுத்துவிடலாம்! அக்காவின் கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன்: இனி எழுதுபவர்கள் வண்டியில் ஏற எத்தனை படி, பிடி எங்கே, மேல்தளப் படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 159-இன் கடைசி நாளில் கூட்டத்தில் நின்றவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?