மூன்று ஒத்திகைக்கு வரவில்லை என்றால் மேடை கிடையாதா?

பாளை_அம்மா
என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்பிள்ளைகளின் கீழ்க்குரல் வரி, பாடுகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. நேற்று சாயங்காலம் மியூசிக் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீ கீழே உட்கார்ந்து கேளு" என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று ஒத்திகைக்கு அவள் போகவில்லை என்பதுதான் காரணம்.

விதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஜூன் மாதம் எங்களிடம் கையெழுத்து வாங்கின தாளில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். செவ்வாய், வியாழன் பள்ளி விட்டதும் 5.15 வரை பயிற்சி. டிசம்பரில் தினமும். கடிதம் இல்லாமல் மூன்று முறை வராவிட்டால் மேடை ஏற முடியாது. இவள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள், கடிதம் கொடுத்துவிட மறந்துபோனது. மற்ற இரண்டு நாளும் கணக்கு டியூஷனில் டெஸ்ட். பாட்டு எல்லாம் மனப்பாடம். பாத்திரம் விளக்கும்போதுகூட ஆல்டோ வரியைத்தான் முணுமுணுக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கடைசி வாரத்தில் இப்படி இறக்கிவிடுவது நியாயமா?

சோல்பா_வாத்தியார்
அம்மா, பிள்ளை அழுவது புரிகிறது. ஆனால் டீச்சர் செய்தது சரி. நானும் வேறு ஊரில் பள்ளிப் பாடகர் குழு நடத்துகிறவன்தான்.

"மனப்பாடமாகத் தெரியும்" என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். தன் சுரம் தெரிவது வேறு, சேர்ந்து பாடத் தெரிவது வேறு. ஒரு கீர்த்தனை வரி "ஆனந்தம்" என்று முடிகிறது, அந்தக் கடைசி அசையை நாலு எண்ணிக்கை இழுக்கிறோம் என்று வையுங்கள். "ம்" எங்கே மூட வேண்டும்? நாலு தொடங்கும்போதா, நாலு முடிந்த பிறகா? நாற்பது பேரில் இரண்டு பேர் முந்தி உதட்டை மூடினால் போதும், மொத்தக் குழுவும் மூக்கால் பாடுகிற மாதிரி கேட்கும். இது சோல்பா தாளில் (டோ, ரே, மி என்று எழுத்தால் சுரம் குறிக்கிற தாள்) எழுதியிருக்காது. செவ்வாய் ஒத்திகையில் ஒரு மாதிரி முடிவாகும், வியாழக்கிழமை கேட்டுப் பார்த்து மாற்றுவோம்.

மூச்சும் அப்படித்தான். நீளமான வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் நடுவில் பள்ளம் விழும். அதனால் "பக்கத்தில் நிற்கிறவள் எடுக்கும் இடத்தில் நீ எடுக்காதே" என்று ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுகிறோம். உங்கள் மகள் வராத அன்று அவளுடைய ஜோடிப் பிள்ளைக்கும் அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. மேல்குரலான சோப்ரானோவில் ஒரு ஆள் குறைந்தால் சமாளிக்கலாம். பள்ளிக் குழுக்களில் ஆல்டோவுக்கு ஆறேழு பேர் தேறுவதே பெரிய பாடு.

டெஸ்ட் உங்கள் மகளுக்கு மட்டும் இல்லையே. மற்றப் பிள்ளைகளும் டியூஷனை விட்டுவிட்டுத்தான் வந்து நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து டீச்சர் என்ன சொல்வார்?

கடைசி_டவுன்பஸ்
சார் சொன்ன இசைக் காரணத்தை ஒப்புக்கொள்கிறேன். விதியை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

5.15 வரை யாரால் நிற்க முடியும் என்று யாராவது யோசித்தீர்களா? பள்ளி வேன் 4.15க்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் எங்கள் ஊருக்கு டவுன்பஸ் ஆறரைக்குத்தான். டிசம்பரில் அதற்குள் இருட்டிவிடும், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வயல் வரப்பு. எந்த வீட்டில் பெண்பிள்ளையை விடுவார்கள்? என் தங்கை நன்றாகப் பாடுவாள், ஏழாம் வகுப்பில் குரல் தேர்விலும் தேறினாள். ஒரு மாதம் போனாள், அதோடு நின்றது. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரோடு அப்பா காத்திருக்கிற பிள்ளைகள் மட்டும்தான் கடைசிவரை குழுவில் இருந்தார்கள். வருகையைக் கணக்கு எடுக்கிற விதி, வரவே முடியாத பிள்ளையைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் மூன்று முறை தவறி வெளியே போகவில்லை. பெயர் கொடுக்கவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

சோல்பா_வாத்தியார்
போக்குவரத்து உண்மையான பிரச்சினைதான். ஆனால் பாளை அம்மா சொன்னது போக்குவரத்து இல்லை, டியூஷன். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஒழுங்கு என்றால் என்ன என்று பாருங்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒன்பது வேத வாசிப்பும் கேரலுமாக ஆராதனை நடக்கிறது. நம் சபைகளில் நடப்பதும் அந்த முறைதான். அங்கே முதல் சரணத்தை ஒரு சிறுவன் தனியாகப் பாட வேண்டும். அது யார் என்பதை ஆராதனை தொடங்கும் நேரத்தில்தான் குழுவின் இசை நடத்துனர் கைகாட்டுவார். உலகம் முழுக்க வானொலியில் போகிறது. அப்படியானால் பல பையன்கள் முழுத் தயாராக இருக்க வேண்டும், இருக்கிறார்கள். நாம் கேட்பது வாரத்தில் இரண்டு சாயங்காலம்.

கடைசி_டவுன்பஸ்
சார், அந்தப் பையன்கள் பள்ளி விடுதியிலேயே தங்கிப் படிக்கிறவர்கள். பஸ் பிடிக்க ஓட வேண்டாம். கட்டணத்திலும் பெரும் பங்கைக் கல்லூரியே ஏற்கிறது. பிள்ளையிடம் இவ்வளவு எதிர்பார்க்கிற நிர்வாகம் அதற்கு வேண்டிய வசதியையும் தானே செய்து கொடுக்கிறது. நம் பள்ளிகளில் எதிர்பார்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் வீடு சேர்வது பெற்றோர் பொறுப்பு, கச்சேரிச் சீருடை பெற்றோர் செலவு, டீச்சருக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. பிறகு விதியை மீறிவிட்டாள் என்று பதினாலு வயதுப் பிள்ளையை இறக்கிவிடுகிறோம்.

சிங்கை_அப்பா
இங்கே சிங்கப்பூரில் எப்படி என்று சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் பாடகர் குழு என்பது இணைப்பாட நடவடிக்கை, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே திட்டம். 2014இல் வந்த லீப்ஸ் 2.0 முறையில், ஒரு வருஷத்தில் 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் அந்த வருஷம் பங்கேற்பாகப் பதிவாகும். மேற்படிப்புக்குப் போகும்போது அது கைகொடுக்கும். அதனால் பிள்ளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று என்ற எண்ணைவிட விழுக்காடு எனக்கு நியாயமாகப் படுகிறது. ஜூன் முதல் டிசம்பர் வரை வாரம் இரண்டு என்றால் ஐம்பதுக்குப் பக்கம் வரும். அதில் மூன்று போனால் 94 விழுக்காடு வருகை. வகுப்பில் இப்படி வந்தால் பாராட்டுவோம்.

சோல்பா_வாத்தியார்
மூன்றும் எப்போது என்பதைப் பொறுத்தது. ஜூலையில் மூன்று போனால் எனக்குக் கவலையே இல்லை. டிசம்பரில் மூன்று என்றால் பாட்டு முழுமையாக உருவாகிற நேரத்தில் ஆள் இல்லை. அம்மா, எப்போது தவறியது?

பாளை_அம்மா
காய்ச்சல் ஆகஸ்டில். டியூஷன் டெஸ்ட் இரண்டும் இந்த மாதம்.

எட்டாம்வகுப்பு_அப்பா
வருகைக்கு ஐம்பது பேச்சு பேசுகிறோம். என் மகன் ஒரு நாள்கூடத் தவறாமல் போனான். அக்டோபரில் அவனுக்கு மகரக்கட்டு உடைய ஆரம்பித்தது. பாடிக்கொண்டே இருப்பான், திடீரென்று குரல் பிசிறும். அவன் படிக்கிற பள்ளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வரிசையில் நில், வாயை மட்டும் அசை." எல்லாருக்கும் முன்னால். மறுநாள் முதல் அவன் போகவில்லை. இப்போது வீட்டில்கூடப் பாடுவதில்லை. முழு வருகை வைத்திருந்த பிள்ளைக்கு இந்த விதி என்ன பாதுகாப்பு கொடுத்தது?

சோல்பா_வாத்தியார்
இதைக் கேட்கவே கோபம் வருகிறது. வாயை மட்டும் அசை என்று எந்தப் பிள்ளையிடமும் எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. பழைய காலத்தில் இப்படித்தான் இருந்தது. வியன்னாவில் செயின்ட் ஸ்டீபன் பேராலயக் குழுவில் பாடிய, பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஹைடனை, குரல் உடைந்ததும் 1749இல் வெளியே அனுப்பினார்கள். நம் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளிலும் மகரக்கட்டு உடைந்த பையனுக்குப் பாட்டு வேஷம் போய்விடும். இப்போது அப்படிச் செய்யக் காரணமே இல்லை. 1970களிலேயே ஜான் குக்ஸி என்ற அமெரிக்க ஆசிரியர், பையன்களின் குரல் எந்தெந்தக் கட்டமாக இறங்குகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சுரங்கள் வசதியாக வரும் என்று வகுத்து எழுதிவிட்டார்.

உங்கள் மகனுக்கு இந்தச் சமயத்தில் எட்டும் சுரங்கள் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். நாலைந்து சுரத்துக்குள் அடங்குகிற ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் தாராளமாகப் பாடலாம். என் குழுவில் இந்த வயதுப் பையன்களை மாதத்துக்கு ஒரு முறை தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டு, வரியை மாற்றிக் கொடுக்கிறேன். கத்திப் பாடச் சொல்லக் கூடாது, மேல் சுரத்துக்கு இழுக்கக் கூடாது. பையனைத் திரும்பப் பாட வையுங்கள், ஐயா. வீட்டில் நீங்களும் கூடச் சேர்ந்து பாடுங்கள்.

எட்டாம்வகுப்பு_அப்பா
நன்றி சார். பிள்ளை என்ன செய்யக் கூடாது என்று தாளில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆசிரியர் என்ன செய்யக் கூடாது என்று ஒரு வரியாவது இருந்தால் நன்றாக இருக்கும். பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. கூட்டத்தில் அவமானப்படுத்துவது வேறு என்ன?

மூன்றாம்வரிசை
இன்னொரு விஷயம். நாங்கள் இந்துக் குடும்பம். என் மகளும் இப்படி ஒரு மிஷன் பள்ளிக் குழுவில் ஆசையாகப் பாடுகிறாள், எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் எங்கள் தாளில் "குழு உறுப்பினர்கள் எல்லா ஆராதனைகளிலும் கலந்துகொள்வது கட்டாயம்" என்று இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சம்மதம் இல்லாமல் வழிபாட்டுக்கு வரவைக்க முடியாது, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியல் சட்டம் 28(3) சொல்கிறது. பாட்டு விஷயத்தில் பள்ளி மேலே பிள்ளைகள் ஜெயித்த வழக்கும் இருக்கிறது. கேரளத்தில் 1985இல் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் வாய் திறந்து பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு. பாளை அம்மா அதைக் காட்டிக் கேட்கலாம்.

சோல்பா_வாத்தியார்
அந்த வழக்கு பாடாமல் இருக்கும் உரிமை பற்றியது. இங்கே பிள்ளை பாட விரும்புகிறாள், விருப்பப்பட்டுச் சேர்ந்த குழு. பொருந்தாது. 28(3) பற்றி நீங்கள் சொன்னது சரி. கேரல் ஆராதனைக்கும் வெளி நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகச் சம்மதக் கையெழுத்து வாங்குவதுதான் முறை. நாங்கள் அப்படித்தான் வாங்குகிறோம்.

பாளை_அம்மா
நான் கோர்ட்டுக்கெல்லாம் போகப் போவதில்லை. டீச்சர் நல்லவர். என் மகளுக்குச் சோல்பா படிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எனக்கு இருக்கிற ஆதங்கம் ஒன்றுதான். இரண்டாவது தடவை தவறியபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகஸ்ட் காய்ச்சல் கணக்கில் ஏறியிருப்பது நேற்றுதான் எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தால் டியூஷன் டெஸ்ட்டை ஒரு நாளாவது தள்ளிப் போடச் சொல்லியிருப்பேன். சார், உங்கள் குழுவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நாலு பேராக நிறுத்திப் பாடவைத்துப் பார்த்து, சரியாக வந்தால் ஏற்றிக்கொள்ள மாட்டீர்களா?

சோல்பா_வாத்தியார்
மாட்டேன். ஒரு பிள்ளைக்கு அப்படிச் சோதனை வைத்தால் அடுத்த வருஷம் பாதிப் பேர் டிசம்பரில் வராமல் சோதனைக்கு மட்டும் வந்து நிற்பார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் இரண்டாவது முறை தவறின அன்றே டைரியில் எழுதி அனுப்புவேன், பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வர வேண்டும். காய்ச்சலுக்குக் கடிதம் ஒரு வாரம் கழித்து வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்கு இரண்டுதான் ஆகிறது. டீச்சரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆகஸ்ட் மாத மருந்துச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டு போங்கள். டிசம்பரில் தவறின இரண்டு நாளும் என்ன மாற்றினார்கள் என்று ஜோடிப் பிள்ளையிடம் கேட்டு இன்றைக்கே பென்சிலால் தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டீச்சர் மறுத்தால் நான் டீச்சர் பக்கம்தான்.

கடைசி_டவுன்பஸ்
அம்மா, போகும்போது இதையும் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பீரியட் பி.டி.யோ நூலகமோதான் இருக்கும். அதைப் பாடகர் குழுவுக்கு விட்டுக்கொடுத்தால் 4.15 வேனுக்கு எல்லாப் பிள்ளையும் ஏறிவிடலாம். டிசம்பரில் தினமும் பயிற்சி என்றால் அந்த மாதத்துக்கு மட்டும் ஒரு வேனை 5.15க்கு எடுக்கச் சொல்லுங்கள், டீசல் செலவைப் பெற்றோர் சங்கம் பகிர்ந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு மூன்று என்ன, இரண்டு என்று விதி போட்டாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

பாளை_அம்மா
மருந்துச் சீட்டு கிடைத்துவிட்டது. நாளைக்குக் காலையில் பிரேயருக்கு முன்னால் டீச்சரைப் பார்க்கிறேன். வேன் விஷயம் தலைமையாசிரியையிடம்தான் பேச வேண்டும், அதற்கு இன்னும் நாலைந்து பெற்றோர் கூட வந்தால் நல்லது. இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.