விண்டோஸ் 11: எம்பிஆர் டிஸ்க் மாற மாட்டன் எண்டுது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம். பரந்தன் பக்கம் ஒரு படிப்பகத்தில 9 பழைய டெஸ்க்டொப், எல்லாம் விண்டோஸ் 10. அதுக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதால 11க்கு மாத்தப் பாக்கிறம்.

5 மிசின் இன்டெல் 8ஆம் தலைமுறை. பயோஸில பிடிடியை (இன்டெல்லின்ர உள்ளமைஞ்ச டிபிஎம்) ஒன் பண்ண, 11 கேக்கிற பாதுகாப்புப் பகுதியான டிபிஎம் 2.0 காட்டுது. சிக்கல் செக்யூர் பூட்டில (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடுற வசதி). விண்டோஸ் லெகசி எண்ட பழைய பூட் முறையில, எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரிக்கிற பழைய முறை) டிஸ்க்கில கிடக்கு. டிஸ்க்கை ஜிபிடி (புது முறை) ஆக்காமல் சிஎஸ்எம்மை (பயோஸில பழைய பூட் முறைக்கு இடம் குடுக்கிற செற்றிங்) நிப்பாட்டினா பூட் ஆகாது. டிஸ்க்கை மாத்துற விண்டோஸ் கருவி எம்பிஆர்2ஜிபிடியில வலிடேட் (மாத்தேலுமோ எண்ட சோதனை) ஓட்டினா மூண்டு மிசின் சரி, ரெண்டு ஃபெயில். அந்த ரெண்டிலயும் 4 பிரைமரி பார்டிஷன் (டிஸ்க்கின்ர பிரிவு), எம்பிஆர்2ஜிபிடி 3க்கு மேல ஏற்காது. நாலாவது, கொம்பனி போட்ட ரிக்கவரி.

ரீஏஜென்ட்சி கட்டளையால வின்ஆர்இயை (விண்டோஸைத் திருத்துற ரிக்கவரி வசதி) டிசேபிள் பண்ணி, பார்டிஷன் கருவியான டிஸ்க்பார்ட்டில "delete partition override" குடுத்து அந்த நாலாவதை அழிக்கலாம் எண்டு நினைக்கிறம். செய்து பாத்த ஆக்கள் இருக்கிறியளோ? பிறகு வின்ஆர்இ திரும்ப எனேபிள் ஆச்சோ?

மிச்சம் 4ம் 6ஆம் தலைமுறை. அதுகளை 11 ஏற்காது. ரூஃபஸ் (பூட் யுஎஸ்பி செய்யிற மென்பொருள்) மூலம் சோதனையைத் தாண்டி 11 ஏத்தலாம்தான், ஆனா அப்டேட் வருமெண்டு உத்தரவாதமில்லை. பிள்ளையள் பாவிக்கிற மிசினுக்கு அது வேண்டாம். லினக்ஸ் மின்ட் (இலவச இயங்குதளம்) போடுற யோசனை. அதில பாமினி விசைப்பலகை அமைப்பில யுனிகோட் அடிக்க எது நல்லம்?

டிஸ்க்கை மாத்தேக்க கரண்ட் போனா டிஸ்க்கில உள்ளது பழுதாப் போகலாம். கிளிநொச்சியில ஆரிட்டயாவது ஒரு யுபிஎஸ்ஸும், இமேஜ் (டிஸ்க்கின்ர முழுப் பிரதி) எடுக்க 1 டிபி எக்ஸ்டேர்னல் டிஸ்க்கும் ரெண்டு நாளுக்கு இரவல் கிடைக்குமோ? உள்பெட்டியில எழுதுங்கோ.