புதுப்பிப்பு: எங்க ஊர் ஏரி கால்வாய் வேலை முடிஞ்சிருச்சு!

மதுராந்தகம் பக்கம் எங்க ஊர் ஏரிக்கு தண்ணி வர்ற கால்வாய் சீமைக்கருவேலம் மண்டி அடைஞ்சு கெடக்கு, சென்னைல வேலை பாக்குற நாங்க ஊர்க்காரங்களோட சேந்து சரி பண்ணப்போறோம்னு எழுதியிருந்தேன்ல, முடிச்சாச்சு மக்களே! வெட்டி மட்டும் விட்டா மறுபடி துளிர்க்கும், அதனால வீட்டுக்கு வீடு காசு போட்டு பொக்லைன் வச்சு வேரோட புடுங்கினோம். மதகுகிட்ட தூர் வாரினப்போ கறுகறுன்னு வண்டல், அத வயலுக்கு அடிக்க டிராக்டருங்க வரிசைல நின்னுச்சு, பாக்கவே அவ்ளோ சந்தோஷம். நம்ம செங்கல்பட்டு பக்க ஏரிங்க நிறைய ஒண்ணோட ஒண்ணு சேந்தது, மேல் ஏரி ரொம்பி கலங்கல்ல (மிச்சத் தண்ணி வெளியேற கட்டின இடம்) வழிஞ்சாதான் கீழ் ஏரிக்கு தண்ணி, நடுவுல அடைச்சா கீழ இருக்கவங்க எல்லாருக்கும் போச்சு. அடுத்து ஐப்பசி மழைக்கு முன்னாடி கரைல பனங்கொட்டை போடணும், ஞாயித்துக்கிழமை காலைல தாம்பரத்துலேருந்து வேன் கெளம்புது, வர்றவங்க சொல்லுங்க, சாப்பாடு ஊர்லயே.