பர்னம் பீச்சஸ் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள வயல் பாதைகளிலும் உங்களுக்கு நேர்ந்தவை

தேம்ஸ்கரையான்:

லண்டனின் மேற்குப் பக்கத்தில் ஸ்லவ், ஹவுன்ஸ்லோவில் குடியிருப்பவர்களுக்குப் பர்னம் பீச்சஸ் காட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோர் லார்ட் மேயர்ஸ் டிரைவ் சாலையில் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுடன் ஒரு சுற்றுச் சுற்றி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். எனக்கு நேர்ந்தது காட்டுக்குள் அல்ல, அதன் வடக்கு விளிம்பைத் தாண்டி லிட்டில்வொர்த் காமன் பக்கமாக விரியும் வயல் பாதைகளில் ஒன்றில். எந்தப் பாதை என்று சொல்ல விரும்பவில்லை.

அந்தப் பாதை ஒரு பண்ணை வீட்டின் முற்றத்துக்குள் நுழைந்து மறுபுறம் வெளியேறுகிறது. கம்பத்தில் பொதுப்பாதை என்று காட்டும் மஞ்சள் அம்புக்குறி தெளிவாகவே இருந்தது. கடந்த மார்ச் மாதத்தின் ஒரு ஞாயிறு காலையில் தனியாக நடந்து வந்து, கதவைத் திறந்து முற்றத்தில் கால் வைத்தேன். ரப்பர் பூட்ஸ் அணிந்து, கையில் வாளியுடன் நின்றிருந்த ஓர் அம்மையார், அறுபது வயதிருக்கலாம், புன்னகையுடன் "உங்களுக்கு ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று கேட்டார். நான் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சட்டையின் உட்பையிலிருந்து ஆர்டனன்ஸ் சர்வே எனப்படும் அரசு நில அளவைத் துறையின் வரைபடத்தை எடுத்து விரித்து, பாதையைக் குறிக்கும் பச்சைப் புள்ளிக் கோட்டின் மீது விரலை வைத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "ஆமாம், பாதை அதுதான். போகும்போது கதவைச் சாத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார்.

நடந்தது அவ்வளவே. ஆனால் பேருந்தில் பரிசோதகர் ஏறியதும் சீட்டைத் தேடித் தடவுகிற கையைப்போல அன்றைக்கு என் கை ஏன் போயிற்று என்பது இன்னமும் விளங்கவில்லை. இந்த நாட்டில் எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. அவர் கேட்டது உபசாரமா, விசாரணையா? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

நொச்சி:

அண்ணா, நீங்கள் அளவுக்கு மீறி யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தன் முற்றத்தில் முன்பின் அறியாத ஒருவர் வந்து நின்றால் யாராக இருந்தாலும் ஏதாவது கேட்கத்தான் செய்வார். நம் ஊர்த் தெருவில் புதியவர் ஒருவர் நுழைந்தால், திண்ணையில் இருப்பவர் "யாருங்க, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்பதில்லையா? அதை நாம் விசாரணை என்று எடுத்துக்கொள்வதில்லையே.

என் மனத்தை உறுத்துவது வேறு ஒன்று. டிசம்பர் மாதத்தில் நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதை மறந்து, அந்தக் காட்டில் முதிய பீச் மரங்கள் நிற்கும் பள்ளப் பகுதியில் மூன்று மணிக்கு மேல் நுழைந்தேன். தலைக்கு மேலே ஹீத்ரோ விமானங்களின் ஓசை வந்துகொண்டே இருந்ததால் தொலைந்துவிடுவோம் என்ற எண்ணமே வரவில்லை. பிறகு விமானங்களுக்கு இடையே ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில், மிக அருகில், ஏதோ ஒன்று குரைத்தது. ஒரே ஒரு குரைப்பு. நான்கைந்து விநாடி கழித்து அதேபோல் இன்னொன்று. நாயானால் தொடர்ந்து குரைக்கும், ஓடிவரும், பின்னாலேயே அதை அழைக்கும் மனிதக் குரல் கேட்கும். இதில் எதுவும் இல்லை. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குரைப்பதுபோல அது பத்து நிமிடம் தொடர்ந்தது. பொந்து விழுந்த ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் அசையாமல் நின்றேன்.

கடைசியில் ஹாலி புதருக்கடியிலிருந்து வெளியே வந்தது, வெள்ளாட்டுக் குட்டியை விடச் சற்றே பெரிய, முதுகு வளைந்த ஒரு சிறிய மான். மன்ட்ஜாக். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கேளையாடு என்கிறோமே, அதன் சீனத்து உறவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள வோபர்ன் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டவற்றிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் தெற்கு இங்கிலாந்து முழுவதும் பரவியதாம். அது என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். என்னைக் கண்டுதான் அத்தனை நேரமும் அது அபாயக் குரல் கொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் அதற்கு அஞ்சி நின்ற பத்து நிமிடமும் அது எனக்கு அஞ்சி நின்றிருக்கிறது.

பழைய வரைபடம்:

தேம்ஸ்கரையான் அவர்கள் வரைபடத்தை நீட்டியதில் தவறேதும் இல்லை, வெட்கப்படவும் ஏதுமில்லை. ஆனால் சில அடிப்படைச் செய்திகளை இங்கே எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

காடும் பாதையும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. பர்னம் பீச்சஸ் காட்டை 1880இல் லண்டன் மாநகராட்சி, நகருக்கு வெளியே இவ்வளவு தொலைவில் இருந்தும், மக்கள் உலவுவதற்கென்றே விலைக்கு வாங்கியது. ஆகவே அதற்குள் நீங்கள் எங்கும் உலவலாம். காட்டை விட்டு வெளியேறி வயலில் இறங்கியதும் அது தனியார் நிலம். அங்கே உங்களுக்கு உரியது அந்தக் கோடு மட்டும்தான். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றங்கள் தயாரித்த உறுதிப்பாட்டு வரைபடத்தில் ஒரு பாதை இடம்பெற்றுவிட்டால், அது உண்மையிலேயே பொது வழி என்பதற்கு அதுவே முடிவான சான்று. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் மிதிவண்டிக்கும் சேர்த்து. வயலின் குறுக்கே செல்லும் நடைபாதையை உழவர் உழுதுவிட்டால் 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்தில் அதை மீட்டுத் தர வேண்டும். பயிர் மூடியிருந்தாலும் நீங்கள் கோட்டின்மீதே நடக்கலாம், அதுதான் சரியும்கூட. பயிருக்கு இரங்கி ஓரமாகச் சுற்றிப் போனால் நீங்கள்தான் அத்துமீறியவர் ஆகக்கூடும். பத்து மாதத்துக்கு மேற்பட்ட கறவையினக் காளையைப் பொதுப்பாதை செல்லும் வயலில் விடக்கூடாது. மற்ற இனக் காளையானால் பசுக்களோடு சேர்ந்திருக்க வேண்டும். 1932 ஏப்ரலில் டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறி, அதற்காக ஐந்து இளைஞர்கள் சிறை சென்ற வரலாறெல்லாம் இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னும் சில. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணி ஏறும். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் பாருங்கள். கடித்த இடத்தில் சிவப்பு வளையம் படர்ந்தால் லைம் நோய்க்காக மருத்துவரைப் பாருங்கள். நெருப்புப் போல் எரியும் நெட்டில் செடி நம் காஞ்சொறிக்குச் சமானம், அதை விட்டு ஒதுங்குங்கள். நாயுடன் செல்லும்போது மாடுகள் விரட்டினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும்.

என் அனுபவம் என்றால், ஒருமுறை இளங்கன்றுகள் இருபது சேர்ந்து என்னைச் சூழ்ந்துகொண்டன. கையை உயர்த்தி உரக்கப் பேசினேன், விலகிவிட்டன. நொச்சி அவர்களுக்கு ஒன்று: டிசம்பரில் கைவிளக்கு இல்லாமல் காட்டுக்குள் போவது பொறுப்பற்ற செயல்.

நொச்சி:

கைவிளக்கு இருந்தது ஐயா. மான் ஓடிவிடுமே என்று ஏற்றவில்லை.

பாவாடைக்காரியின் அம்மா:

இங்கே எழுதலாமா என்று நெடுநேரம் தயங்கினேன். என் கதையில் தவறு என்னுடையது.

பர்னம் பீச்சஸிலிருந்து சில மைல் தொலைவில் ஹெட்ஜர்லி என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் பின்புறம் சர்ச் வுட் எனப்படும் சிறு காடு, பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் பராமரிப்பில் உள்ளது. எம் 40 நெடுஞ்சாலையின் இரைச்சல் காற்றடிக்கும் திசையைப் பொறுத்து வந்து போகும் என்றாலும், ஏப்ரல் கடைசியில் அங்கே புளூபெல் பூத்திருக்கும்போது அந்த இரைச்சலை மறந்துவிடுவீர்கள். மரங்களில் இலை முழுவதும் விரிந்து வெயிலை மறைப்பதற்கு முன்பாக இருக்கிற சில வாரங்களுக்குள் அந்தப் பூக்கள் பூத்து முடித்துவிட வேண்டும். அதனால்தான் எல்லாம் ஒரே சமயத்தில், தரையே தெரியாமல், புகை படிந்தாற்போல நீலமாக நிற்கின்றன.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. காஞ்சிபுரத்திலிருந்து என் அம்மா அனுப்பியிருந்த மாம்பழ நிறப் பட்டுப்பாவாடையை உடுத்தி அழைத்துப் போயிருந்தேன். நீலத்துக்கு நடுவே மஞ்சள் எப்படியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பாதையை விட்டு நான்கு அடி, நான்கே அடி, உள்ளே நிறுத்திப் படம் எடுத்தேன். இரண்டாவது படத்தின்போது, தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு முதியவர் பாதையில் நின்றார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையிடம் குனிந்து, "உன் பாவாடை மிக அழகாக இருக்கிறது. நீ எதன்மேல் நிற்கிறாய் என்று தெரியுமா?" என்று கேட்டார். அவள் கீழே பார்த்தாள். பிறகு, இலைகள் நசுங்கினால் அந்தச் செடியால் அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துவைக்க முடியாது என்றும், விதையிலிருந்து ஒரு செடி முளைத்துப் பூக்க அவளுடைய வயதளவு காலம் ஆகும் என்றும் அவளிடமே விளக்கினார். அவள் அழவில்லை. ஏற்கெனவே மிதித்த தடத்தின்மீதே ஒவ்வொரு காலாகத் தேடி வைத்து வெளியே வந்தாள்.

அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் அதைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடிக்கிறேன். மகளுக்கு இப்போது பதினொன்று. அந்தப் படத்தைக் காட்டி யாராவது பாராட்டினால், "அது தப்பான இடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

பழைய வரைபடம்:

சகோதரி, காட்டுப் புளூபெல்லை வேரோடு பிடுங்குவதுதான் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மிதிப்பது குற்றமாகாது. நீங்கள் வருந்தத் தேவையில்லை.

கல்லாலமரம்:

பழைய வரைபடம் அவர்களே, அந்த அம்மா கேட்டது சட்டமன்று. மேலும், பர்னம் பீச்சஸுக்குள் எங்கும் உலவலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உலவலாம்தான், ஆனால் முதிய மரங்களைச் சுற்றி மிதிக்காமல் இருக்கச் சொல்லிக் கிளைகளைக் குவித்தும் வேலியிட்டும் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பீச் மரத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை. காலடியில் மண் இறுகிவிட்டால் அதற்கு மூச்சு முட்டும்.

அந்த மரங்களைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காட்டைப் பற்றிப் பேச எனக்கு வராது. அவை தாமாக அப்படி வளர்ந்தவை அல்ல. ஆடுமாடுகளுக்கு எட்டாத உயரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, கிளைகளை விறகுக்காகத் திரும்பத் திரும்பக் கழித்ததால்தான் அடிமரம் மட்டும் பருத்து, தலை முடிச்சு முடிச்சாகி, உள்ளே பொந்து விழுந்து நிற்கின்றன. வெட்டாமல் விடப்பட்ட காட்டு பீச் மரம் இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் முடிந்துவிடும். வெட்டப்பட்டவை அதைத் தாண்டியும் நிற்கின்றன. டிரூயிட்ஸ் ஓக் எனப்படும் கருவாலி மரத்துக்கு 800 ஆண்டுகளுக்கு மேலிருக்கும் என்கிறார்கள். நிலக்கரி வந்தபின் கழிப்பதை நிறுத்திவிட்டார்கள். மேலே வளர்ந்த கிளைகளின் பாரத்தால் இப்போது அடிமரம் பிளக்கிறது. எனவே பணியாளர்கள் ஒவ்வொரு மரத்துக்கும் சிறிது சிறிதாக, பல ஆண்டுகளாகப் பாரம் குறைத்து வருகிறார்கள்.

நான் கண்டது ஒரு மாடு. காட்டின் நடுவிலுள்ள திறந்த புல்வெளியில் மேய்ச்சலுக்கு மாடுகளை விடுகிறார்கள். சுற்றிலும் வேலி கிடையாது. ஒரு செப்டம்பர் மாலையில் அவற்றில் ஒன்று தலை நிமிராமல் மேய்ந்தபடியே நான் உட்கார்ந்திருந்த மரக்கட்டையை நோக்கி வந்தது. அதன் கழுத்துப் பட்டையில் ஒரு சிறு பெட்டி தொங்கியது. எனக்குப் பத்தடி தொலைவில், எந்தத் தடையும் இல்லாத இடத்தில், பெட்டியிலிருந்து ஓர் இசை எழுந்தது. மெல்லிய ஒலி, படிப்படியாகச் சுருதி ஏறிக்கொண்டே போனது. மாடு நின்றது. என்னைப் பார்க்கவில்லை, எனக்கும் அதற்கும் இடையிலிருந்த வெறும் புல்லைப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் திரும்பி, வந்த வழியே மேய்ந்துகொண்டு போயிற்று. செயற்கைக்கோளின் உதவியால் எல்லையை அறியும் கருவி அது என்றும், ஒலியை மீறி நடந்தால் மட்டுமே இலேசான மின்னதிர்ச்சி தரும் என்றும், பழகிய மாடுகள் பெரும்பாலும் ஒலியிலேயே திரும்பிவிடும் என்றும் பின்னர் அறிந்தேன். நான் எழுந்து போய் அந்த எல்லை இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். இரு பக்கமும் ஒரே புல்தான்.

தேம்ஸ்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. பழைய வரைபடம் ஐயா, அந்தப் பாதையில் நடக்க எனக்கு உரிமை உண்டா என்று நான் கேட்கவே இல்லை. அது தெரிந்துதானே தாளை நீட்டினேன்.

நொச்சி தங்கை எழுதிய திண்ணைக் கேள்விதான் மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் "யார் வீட்டுக்கு?" என்று கேட்டால், ஒரு நொடியும் யோசிக்காமல் என் தாத்தாவின் பெயரைச் சொல்லுவேன், கேட்டவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார். அந்த முற்றத்தில் சொல்வதற்கு என்னிடம் அப்படி ஒரு பெயர் இல்லை. வரைபடம்தான் இருந்தது.

போன ஞாயிறு மீண்டும் போனேன். வரைபடத்தை வேண்டுமென்றே வண்டியில் வைத்துவிட்டு, அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முற்றத்தில் யாரும் இல்லை. வாளி மட்டும் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கடந்து வந்து கதவைச் சாத்தினேன். இருபதடி நடந்தபின் திரும்பிப் போய், தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.