புதுச்சேரி கடற்கரை காந்தி சிலையைச் சாயங்காலத்தில் படமெடுப்பது: உங்கள் அனுபவம் என்ன?

முத்தியால்பேட்டையிலிருந்து:
புதுச்சேரியில் சூரியன் கடலில் மறையாது, ஊருக்குப் பின்னால்தான் மறையும். அதனால் சாலைப் பக்கம் நின்று, கிழக்கே பார்த்து எடுங்கள். சூரியன் மறைந்த ஐந்தாறு நிமிடத்தில் கடல் மேல் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஸ் நிறம் படரும், பத்து நிமிடம்போல நிற்கும். கருத்த வெண்கலக் காந்திக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி கிடையாது. மேற்கு வானம் எந்த ஊரிலும் சிவக்கும். இது கிழக்குக் கரைக்காரர்களுக்கு வாய்த்தது.

நவம்பர் கடைசியில் அஸ்தமனம் 5.40 வாக்கில், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வாக்கில். பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்துவது மாலை 6 மணிக்கு. ஆகவே கோடையில் ரோட்டிலேயே நிதானமாக நின்று எடுக்கலாம். மழைக்காலத்தில் ரோஸ் வானம் வரும்போது வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும், நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

ரோஸ் வானத்துக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸின் திறப்பு) 5.6, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/80 விநாடி என்று தொடங்குங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமரா நிறங்களைச் சமன்செய்யும் அமைப்பை, ஆட்டோவில் விட்டால் கேமரா ரோஸ் நிறத்தைத் 'திருத்தி' வெளுக்க வைத்துவிடும். 5,200 கெல்வினில் பூட்டிவிடுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:
தூண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சிலையைச் சுற்றி நிற்கும் எட்டு கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. படத்தைக் கெடுப்பதும் அவைதான், தூக்கி நிறுத்துவதும் அவைதான். கிட்டப் போய் வைட் லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் எல்லாத் தூணும் உள்பக்கம் சாயும், காந்தியின் தலை சிறுத்துப்போகும். பின்னால் நகர்ந்து 50 அல்லது 85 எம்எம் லென்ஸ் போடுங்கள், கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். அப்புறம் கைத்தடியைப் பாருங்கள். அது ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டால் நிழலுருவில் தடியே காணாமல் போகும். நடக்கும் காந்தியில் தடி தெரியாவிட்டால் என்ன இருக்கிறது? இடமோ வலமோ ஓரடி நகர்ந்து, தடிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கீற்று வானம் தெரிந்த பிறகே ஷட்டரை அழுத்துங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:
போனில் எடுப்பவர்களுக்கு. சிலை கருப்பு என்பதால் அதைத் தொட்டு ஃபோகஸ் செய்தால் போன் மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கும், வானம் போய்விடும். வானத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்தி லாக் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் ஹெச்டிஆரை முடிந்தால் அணையுங்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், 2 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அது போதும்.

இன்னொன்று, உப்பு. நம் கரையில் அரைமணி நேரத்தில் லென்ஸில் மெல்லிய படலம் படிந்துவிடும், விளக்குகள் பஞ்சு பஞ்சாகத் தெரியும். வேட்டி நுனியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதும் பம்ப், பிறகு ஈரம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி, கடைசியில் உலர்ந்த துணி.

முத்தியால்பேட்டையிலிருந்து:
தடி விஷயம் அருமை. நிலாவையும் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமியன்று நிலா எழுவதற்குள் வானம் இருட்டத் தொடங்கும். மேலே வந்த நிலா வெள்ளை வட்டமாக எரிந்துபோகும், சிலையில் ஒன்றும் தெரியாது. அதற்கு முந்தின நாள் போங்கள். அஸ்தமன நேரத்தில் நிலா ஏறக்குறைய 10 டிகிரி உயரத்தில் நிற்கும், நிலாவும் வானமும் ஒரே எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) அடங்கும்: ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/125.

நிலாவின் அளவு நீங்கள் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. சிலை 4 மீட்டர், தலை சுமார் அரை மீட்டர். 55 மீட்டர் தள்ளி நின்றால் நிலா தலையளவு தெரியும், 30 மீட்டரில் பாதிதான். ஆனால் தூரம் போகப் போகத் தலை தாழ்ந்து, நிலா அதற்கு மேலே போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். நான் சொல்வது, நெருங்கி நின்று சின்ன நிலாவையே தோளருகே வையுங்கள். மார்கழி, தையில் நிலா கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி எழும்; ஆகவே நீங்கள் தெற்கே நகர வேண்டும். ஆனி, ஆடியில் நேர் எதிர். எந்தப் பக்கம் மறைப்பில்லாமல் இருக்கிறது என்று பகலிலேயே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:
கூட்டம் படத்தில் விழாமலிருக்க 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கருத்த கண்ணாடி), ட்ரைபாட், 4 விநாடி ஷட்டர். நடப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். படியில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படியே பதிவார்கள், அதற்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.