சராசரி மழை பெய்த ஆண்டை யாராவது பார்த்ததுண்டா?

விளாத்திகுளம் கரிசல்காரன்:
எங்கள் அப்பா பழைய டைரி ஒன்றில் மழையைக் குறித்து வைப்பார். மில்லிமீட்டர் எல்லாம் கிடையாது. 'ஓர் உழவு மழை', 'தூறல், புழுதி அடங்கியது', அவ்வளவுதான். புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி அடைமழையில் முளைப்பு. மானாவாரி உளுந்துக்கு அதற்கு மேல் ஜோசியம் தேவைப்படவில்லை.

2015இல் டைரி நிரம்பி வழிந்தது. மாநில அளவில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 விழுக்காடு கூடுதல். களை எடுக்கக் காட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அதே மழை 62 விழுக்காடு குறைவு. விதைத்த உளுந்து முளைக்கவே இல்லை. கடன் வாங்கி மறுபடி விதைத்தோம். அது முளைத்துக் கருகியது. இந்த இரண்டு ஆண்டுகளையும் கூட்டி வகுத்துப் பாருங்கள், இயல்பைவிட ஐந்து விழுக்காடுகூடக் குறையாது! வானிலைத் துறைக் கணக்கில் 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் 'இயல்பு'தான். அந்த இயல்பு எங்கள் காட்டுப் பக்கம் வரவில்லை.

ஏரல் வாழைக்காரன்:
அண்ணாச்சி, உங்களுக்காவது இரண்டு ஆண்டு. எங்களுக்கு ஒரே நாள். 2023 மார்கழி பிறந்த அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவம் மூன்று மாதமும் சேர்ந்து தருவதே சராசரியாக 44 செ.மீ. பக்கம்தான். புயல்கூட இல்லை, குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி. தாமிரபரணி வடிந்தபோது பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்கள் மணலுக்குள் கிடந்தன. வரப்பைத் தேடி எடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

கோவில்பட்டிக்காரி:
அந்த ஆண்டு எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டு என்று கேட்டு, மழை பொய்க்கும் என நினைத்துப் பாதி நிலத்தைத் தரிசு போட்டவள் நான். எல் நினோ கெடுப்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தை. நம் வடகிழக்குக்கு அது பல முறை கைகொடுத்திருக்கிறது. 2015உம் எல் நினோ ஆண்டுதான். பிறகுதான் படித்தேன்.

விளாத்திகுளம் கரிசல்காரன்:
தங்கச்சி சொல்வது சரி. ஆனால் 2016இல் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டைரியை இப்போது நான்தான் எழுதுகிறேன். மழை பெய்த நாளுக்கு ஒரு கோடு, காய்ந்த நாளுக்கு ஒரு புள்ளி. மொத்தம் கூட்டுவதை விட்டுவிட்டேன்.