தண்ணீரை வெளியேற்றும்போது மட்டும் கசியும் வாஷிங் மெஷின்

முல்லை:
7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின். தண்ணீர் ஏறும்போதும் துணி துவைக்கும்போதும் தரை காய்ந்தே இருக்கிறது. அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்ததும் அடியில் ஒரு டம்ளர் அளவு தேங்குகிறது. கதவு ரப்பரில் கிழிசல் இல்லை. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

ஸ்பேனர்:
முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயை மூடுங்கள். முன்பக்கம் கீழே உள்ள சின்ன மூடியைத் திறந்து, ஒரு தட்டையான பாத்திரத்தை வைத்து, மிச்சத் தண்ணீரை வடியுங்கள். பிறகு பில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். அதிலுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலே சொட்டும். வளையம் உட்காரும் இடத்தையும் துடையுங்கள். வளையம் விறைத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மேலும் மேலும் இறுக்கினால் மரைதான் போகும்.

தாழ்வாரம்:
பில்டரைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது பம்புக்கு முன்னால் இருக்கிறது. அங்கே கோளாறு என்றால் டப்பில் தண்ணீர் நிற்கும்போதே சொட்டியிருக்கும். இவர் சொல்வதைப் பார்த்தால் பம்புக்குப் பின்னால் வரும் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பம்ப் ஓடும்போதுதான் அங்கே தண்ணீர் அழுத்தத்தோடு போகும்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து வெளியேறும் ஹோஸை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். மடிப்புகளுக்கு இடையில், உடம்புத் தகட்டில் உரசும் இடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை விழும். சோப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். தடம் தொடங்கும் இடம்தான் கசியும் இடம். தண்ணீர் தேங்கும் இடத்தை நம்பாதீர்கள், அடித்தகடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அங்கே ஓடிவிடும்.

இன்னொன்று: சுவரில் இருக்கும் கழிவுக்குழாய் அடைத்திருந்தாலும் தண்ணீர் எதிர்த்து வந்து மெஷினுக்கு அடியில் தேங்கும். ஹோஸை எடுத்து ஒரு வாளியில் விட்டு, துணி போடாமல், டப்பில் தண்ணீர் இருக்கும்போது ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். வாளி நிரம்புவதற்குள் நிறுத்திவிடுங்கள். தரை காய்ந்தே இருந்தால் மெஷினில் குறையே இல்லை. இதை முதலில் செய்துவிட்டுத் திருப்புளியை எடுங்கள்.

முல்லை:
வாளியில் விட்டும் கசிகிறது. பம்போடு சேரும் இடத்தில் ஹோஸ் ஈரமாக இருக்கிறது, வெடிப்பு தெரியவில்லை. எம்-சீல் வைக்கலாமா?

தாழ்வாரம்:
வேண்டாம். ஸ்பின்னில் ஏற்படும் அதிர்வுக்கு அது விட்டுவிடும். பிறகு ஹோஸைக் கழற்றவும் முடியாது. ஸ்பிரிங் கிளிப்பைக் குறட்டால் அழுத்தி எடுத்து, ஹோஸின் நுனியைப் பாருங்கள். நுனி தளர்ந்திருந்து, ஹோஸ் நீளமும் போதுமானதாக இருந்தால், அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திருகு வைத்த கிளாம்ப் போடுங்கள். நுனி மடிப்பில்லாமல் வழவழப்பாக இருந்தால்தான் வெட்டலாம். அச்சில் வார்த்த நுனி என்றால் புது ஹோஸ்தான்.

ஸ்பேனர்:
கிளாம்பை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள், பம்பின் பிளாஸ்டிக் வாய் வெடிக்கும். தகட்டை மூடுவதற்கு முன் வயர்கள் நனையவில்லை என்று பார்த்துவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது உள்ளே கை விட வேண்டாம்.